எந்தக் கன்னத்தில் வெயில்

அவருக்குக் கோபம் வரவழைக்கிற சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: "போக முடியாது."

இறாலைப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு இறக்கினால் சிரிப்பார். கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டால் பார்க்காதது போல் இருப்பார். காலை பாசஞ்சர் ஒரு மணி நேரம் தாமதமானால், "அவனுக்கும் வயசாவுதில்ல" என்பார். ஆனால் பெட்டியின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர், "டிக்கெட் விக்கிற வெலையில எங்கப்பா போக முடியுது" என்று பெருமூச்சு விட்டால் போதும். கதவோரம் நின்றிருக்கும் மனிதர் திரும்பிவிடுவார். கழுத்து நரம்பு புடைத்திருக்கும்.

"இன்னா போக முடியாது? எந்த ஊரு? எப்ப போவணும்? எத்தினி பேரு?"

பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். கும்மிடிப்பூண்டியில் கடை. காய்ந்த இறாலும் நெத்திலியும் இரண்டு கூடைகளில் கட்டிக்கொண்டு தினமும் மெட்ராஸ் போகிற ரயிலில் ஏறுவார். நான் அதற்கு முன்பே, ஆரம்பாக்கத்தில் ஏறி உட்கார்ந்திருப்பேன். அண்டை வயல்களில் நாற்று நடுகிற வீட்டுப் பெண், மெட்ராஸில் காசநோய்த் தடுப்பூசி தயாரிக்கிற ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவப் போய், பிறகு அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் கற்றுக்கொண்டவள். எங்கள் பெட்டியில் அவரை எல்லோரும் பாய் என்றோம். பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. அவரே எழுதமாட்டார். ஊர் ஊராக வழி எழுதித் தருகிற சீட்டுகளில் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. "வழி ரயில்காரனுது தங்கச்சி. நான் எதுக்கு அதுல பேரு போடணும்?"

அந்தச் சீட்டுகள்! இறால் கட்டுகிற பழுப்புக் காகிதத்தில், தலை தட்டிய பென்சிலில், ஒரு வரிக்கு ஒரு வேலை. எங்கே ஏறு, எங்கே இறங்கு, குழாயில் தண்ணீர் எந்தப் பக்கம். எழுதி முடித்ததும் கொடுத்துவிடமாட்டார். மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லு பாப்போம்" என்பார். எங்கள் பெட்டியில் பாதிப் பேருக்குப் படிக்க வராது. மனப்பாடமாகத் தப்பில்லாமல் இரண்டு தடவை ஒப்பித்தால்தான் சீட்டு கைக்கு வரும்.

இன்னொன்று. படிக்கத் தெரியாதவர்களிடம் பலகையைப் பார், பெயரைப் பார் என்று சொல்லிப் பயனில்லை என்பதால், அவர் திசையை வெயிலால் சொன்னார். காலை வெயில் முதுகில் படுகிற மாதிரி நட. சாயங்கால வெயில் இடது கன்னத்தில் அடித்தால் சரியான பக்கம். இந்தியா முழுக்க ஸ்டேஷன் ஸ்டேஷனாக, தான் பார்த்தே இராத தெருக்களில், எந்த மணிக்கு எந்தக் கன்னம் சுடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தான் பார்த்தே இராத. ஆமாம். அவர் பேசின் பிரிட்ஜைத் தாண்டிப் போனதில்லை. அங்கே இறங்கி, கூடைகளை இறக்கி, மண்டியில் போட்டுவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்புவார். ஒருமுறை அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி உள்ளேயிருந்து எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஊருக்கெல்லாம் வழி போட்டுத் தர்றாரு. என்னை ஒரு அஜ்மீரு தர்காவுக்குக் கூட்டிக்கினு போ மச்சான்னு பத்து வருசமா கேக்கறேன்."

"சீட்டு எழுதிட்டன்," என்றார் இவர், சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி.

"எழுதி எழுதி அழிச்சிக்கினே இரு."

கீரைக்காரம்மா எங்கள் பெட்டியின் வாய். அவளுடைய மகளைக் கோலார் தங்கவயலில் கட்டிக் கொடுத்திருந்தது. பேரன் பிறந்த சேதி வந்து இரண்டு மாதமாகியும் போகவில்லை. சென்ட்ரலுக்குப் போய் மெயில் பிடிக்க வேண்டும், அதற்குக் கீரை விற்றுக் கட்டாது என்றாள். பாய்க்கு நரம்பு புடைத்தது.

"சென்ட்ரலுக்கு எதுக்கு யக்கா போற? பேசின் பிரிட்ஜ்லயே எறங்கு. பாசஞ்சர் அங்க நிக்கும். மெயிலுக்கு ஒரு ரேட்டு, பாசஞ்சருக்கு ஒரு ரேட்டு. அவன் வேகத்தை விக்கிறான். நீ இன்னா, நெருப்பு அணைக்கவா போற? பேரனைப் பாக்கத்தானே போற?"

போனாள். பேரனைப் பார்த்தாள். திரும்பும்போது ஜோலார்பேட்டையில் வானம் மூடிக்கொண்டது. வெயிலே இல்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் எதிர்ப் பக்கத்தில் நின்று, வண்டியை விட்டு, அரை நாள் அங்கேயே கிடந்திருக்கிறாள். மறுநாள் எங்கள் பெட்டியில் ஏறியதும் கட்டை எறிகிற மாதிரி கீரைக்கட்டைத் தொப்பென்று போட்டாள்.

"யோவ் பாய்! உன் சூரியன் லீவு போட்டுட்டான்யா!"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவருடைய இன்னொரு வழக்கம் அது: போய் வந்தவர்கள் எது தப்பு என்று சொல்லியே ஆக வேண்டும். எது நன்றாக இருந்தது என்பதைக் கேட்கவே மாட்டார். அன்றைக்குப் பொன்னேரி வரும்வரை யோசித்தார். பிறகு சொன்னார்:

"வெயில் இல்லேன்னா, ஒரே எடத்துல நாள் பூரா குந்திக்கினு இருக்கறவங்களைக் கேளு. வெத்தலை பாக்குக் கடை. செருப்பு தெக்கிறவன். மத்தியானத்துக்கு மேல தனக்கு எந்தக் கண்ணு கூசும்னு அவனுக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டிலும் கடைசி வரி அதுதான்: வெயில் இல்லாவிட்டால் கடைக்காரரைக் கேள்.

ஊசியம்மா எங்கள் பக்கம் வந்தது அதற்கு அடுத்த வருஷம். ஸ்வீடன் நாட்டு நர்ஸ். தடுப்பூசிக் குழுவோடு ஜீப்பில் ஊர் ஊராகப் போக வந்தவள். மொழிக்கும் கணக்குக்கும் என்னை அவளோடு அனுப்பினார்கள். முதல் பத்து நாள் நாங்கள் போன ஊர்களில் நாய்கள்தான் இருந்தன. ஊசி என்றதும் ஜனம் ஓடியது. சோர்ந்துபோய், 'ஒத்துழைப்பு இல்லை, தொடர முடியாது' என்று மேலிடத்துக்கு எழுத உட்கார்ந்தாள். நான் பாயிடம் அழைத்துப் போனேன்.

"முடியாதா?" என்றார். "ஜீப்பை ஊருக்கு வெளிய நிறுத்தும்மா மொதல்ல. ஜீப்பைப் பாத்தா வரி வசூல்னு ஓடுவான். ஆரம்பாக்கத்துக்கு காலைல போனா எல்லாம் நாத்தங்கால்ல இருக்கும். பொழுது சாயப் போ. பெரியபாளையத்துக்கு ஆடி ஞாயித்துக்கெழமை போ, நீ தேடிக்கினு போற பத்து ஊரும் அங்க வந்து நிக்கும்."

எழுதித் தந்த சீட்டை அவளையும் இரண்டு தடவை ஒப்பிக்க வைத்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்க்க முதல் ஊசியைத் தானே போட்டுக்கொண்டார். அவள் எங்கள் தமிழைப் பேசக் கற்றதும் அந்தக் கூட்டங்களில்தான். பச்சைக் கண்ணும் வைக்கோல் முடியுமாக, "இன்னாம்மா, கையை நீட்டு" என்று அவள் அதட்டினால் கிழவிகள் வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டுவார்கள்.

இரண்டு வருஷம் இருந்துவிட்டு அவள் ஊர் திரும்பினாள். அடுத்த மே மாதம் என்னை ஆய்வுக்கூடப் பயிற்சிக்காக டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு அனுப்பினார்கள். பிளாட்பாரத்தில் வழியனுப்பும்போது பாய் கேட்டது, "அங்க மூணாங் கிளாஸ் இருக்குதா?"

இருந்தது. எழுதினேன். 'மூணாங் கிளாஸ் இருக்கிற நாடு நல்ல நாடு' என்று பதில் வந்தது. ஜூன் மாதம், இங்கே ராத்திரி பத்து மணிக்கும் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம் என்று எழுதினேன். அந்த வரியை அவர் தன் நோட்டில் குறித்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நவம்பர் தொடக்கத்தில் ஊசியம்மாவின் கடிதம் வந்தது. நெஞ்சு நோய், அதே காசம். ஊசி போட்டுத் திரிந்தவளையே அது பிடித்திருந்தது. ஸ்வீடனில், அவளுடைய ஊரான கோத்தன்பர்கில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். எழுத்து வளைந்து வளைந்து வரியை விட்டு இறங்கியிருந்தது. கோபன்ஹேகனிலிருந்து அந்த ஊர் ஒரு பகல் பயணம்தான். நடுவில் ஒரு துண்டுக் கடல். ஆனால் டிக்கெட் விற்கிற ஏஜெண்டு சொன்ன தொகை என் உதவித்தொகையில் பாதிக்கு மேல். டிசம்பர் நடுவில் எனக்குக் கப்பல். அதற்குள் பார்க்காவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் எப்போது இவ்வளவு பக்கத்தில் வருவேன்? வருத்தத்தில் பாய்க்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதிவிட்டேன். போக முடியாது.

பிறகு நடந்ததைக் கீரைக்காரம்மா எனக்கு நடித்தே காட்டியிருக்கிறாள். மண்டிக்கு வருகிற ஒரு கப்பல் ஆபீஸ் குமாஸ்தாவிடம், ஒரு படி இறாலுக்கு ஐரோப்பா ரயில் புத்தகம் ஒன்றை பாய் வாங்கி வந்திருக்கிறார். பழசு. பின்பக்கம் ஊர்களின் தெரு வரைபடங்களோடு. இரண்டு வாரம் அந்தப் பெட்டியில் வேறு பேச்சே இல்லையாம். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மாறி மாறிப் படிக்க, இவர் கோடு போட்டிருக்கிறார்.

"கடலு மேலயே கோடு போட்டிருக்கியே பாய். ரயிலு கடல்ல போவுதா?" என்றாளாம் கீரைக்காரம்மா.

"ரயிலைக் கப்பல்ல ஏத்தி அந்தாண்ட எறக்கறானாம்."

"யாருக்குக் காது குத்தற?"

"நெசந்தான்கறேன். அங்கதான் காசு போவுது. கடலுக்கும் சேத்து ஒரே டிக்கெட் போட்டு, கடலை நமக்கு வித்துடறான். பழவேற்காட்ல நாம இன்னா செய்றோம்? இந்தக் கரை வரைக்கும் ஒரு வண்டி. படகுக்காரனுக்குத் தனியா. அந்தக் கரையில வேற வண்டி. தண்ணியில டிக்கெட்டை வெட்டிடணும்."

டிசம்பர் முதல் வாரம் கடிதம் வந்தது. நான் பிரிப்பதற்கு முன்பே விடுதிக்காரம்மா மூக்கைச் சுளித்து ஜன்னலைத் திறந்தாள். ஐயாயிரம் மைல் தாண்டியும் காய்ந்த இறால் வாசம் போகவில்லை. பழுப்புக் காகிதம். பென்சில்.

'கோபன்ஹேகனில் கடற்கரை வரைக்கும் உள்ளூர் வண்டியில் ஏறு. ஊர் பேர் எல்சினோர். மூணாங் கிளாஸ். இறங்கு. பெரிய கப்பல் பக்கம் போகாதே, நடந்து ஏறுகிற சின்னப் படகைக் கேள். அக்கரையில் இறங்கி ஸ்வீடன் டிக்கெட்டை ஸ்வீடனில் வாங்கு. போக, வர, இரண்டுக்கும். எக்ஸ்பிரஸ் வேண்டாம். நாலரை மணி வாக்கில் போய்ச் சேரும். பயப்படாதே, அந்த ஊரில் பொழுது சாய இன்னும் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது. ட்ராம் வேண்டாம். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து, சாயங்கால வெயில் வலது கன்னத்தில் படும்படி நேரே நட. இரண்டு பாலம். அப்புறம் மேடு. மேட்டில் ஆஸ்பத்திரி.'

கடைசியில் வழக்கமான அந்த வரி. கீழே, புதிதாக ஒன்று: 'வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்.'

சிரித்தேன். கண் நிறைந்துவிட்டது. வருஷம் முழுக்க ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடைகிற ஊர்க்காரர். சூரியன் ஓர் இடத்தில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால் மாறமாட்டான் என்று நம்புகிறவர். ஜூனில் பத்து மணிவரை வெளிச்சம் என்றால் டிசம்பரிலும் அப்படித்தானே? இங்கே அப்போது மூன்றரைக்கே இருட்டிக்கொண்டிருந்தது. அதை நான் எழுதியிருக்கவில்லை.

மற்றதெல்லாம் சரியாக இருக்குமா என்று ஸ்டேஷனில் விசாரித்தேன். மணிகள் கொஞ்சம் மாறியிருந்தன. வழி சரி. ஏஜெண்டு சொன்னதில் பாதிகூட ஆகாது. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை யார் போட்டது என்று கேட்டார். என் ஊரில் ஒரு மீன் வியாபாரி என்றேன். மரியாதைக்குச் சிரித்தார், நம்பவில்லை.

சனிக்கிழமை புறப்பட்டேன். நான் படகில் ஏறியபோது, பக்கத்துப் பெரிய கப்பலுக்குள் ஒரு ரயில் முழுசாக நுழைந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னால் காது குத்துகிறேன் என்பாள் கீரைக்காரம்மா என்று தமிழில் சத்தமாகவே சொன்னேன். கடல் சாம்பல் நிறம். அக்கரை. ஸ்வீடன் டிக்கெட். எல்லாம் ஒப்பித்தபடி ஒவ்வொன்றாக நடந்தன. கோத்தன்பர்கில் இறங்கியபோது நாலரை. வானம் தார்ச் சட்டி போலக் கவிழ்ந்திருந்தது. பனியும் மழையும் கலந்து குத்தியது.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். மறுநாள் நான் திரும்பியாக வேண்டும். முகவரியைக் காட்டினேன். எல்லோரும் ட்ராம் நம்பரைச் சொன்னார்கள். கையில் மிஞ்சியிருந்த ஸ்வீடன் காசு அன்றைய ராத்திரி படுக்கைக்கு. நடந்து போகிற வழியை ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நாலு தெரு பிரிந்தது. நான் வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்தான் இருந்தது.

வெயில் இல்லாவிட்டால் கடைக்காரரைக் கேள்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு மரப்பெட்டிக் கடை. உள்ளே, பேப்பர் விற்கிற தடித்த அம்மாள். எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் கேட்டேன்: கோடையில், சாயங்காலம், உங்களுக்கு எந்தக் கண் கூசும்?

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்டேன். கையால் சூரியனைப் போட்டுக் காட்டினேன். திடீரென்று அவள் முகம் மலர்ந்தது. இருபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது போலிருக்கிறது. கடையைவிட்டுப் பாதி உடம்பை வெளியே நீட்டி, இடது கண்ணை ஒரு விரலால் தட்டி, அந்தப் பக்கத்து உயரமான கட்டடத்தைக் காட்டி, அதற்கு மேலே, ஜூன் மாதம், அப்பப்பா என்பது போல் கண்ணை இறுக்கி மூடிக் காண்பித்தாள்.

அந்தக் கட்டடத்தை என் வலது கன்னத்துக்கு வைத்துக்கொண்டு நடந்தேன். இல்லாத வெயிலில் நடந்தேன். ஜன்னல்தோறும் காகித நட்சத்திரங்களுக்குள் விளக்கு எரிந்தது. ஒரு பாலம். இரண்டாவது பாலம். மேடு.

அவள் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கன்ன எலும்புகள் துருத்தியிருந்தன. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: "இன்னாம்மா, இப்டி எளைச்சிட்ட?"

சீட்டைப் படித்துக் காட்டினேன். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. 'பொழுது சாய இன்னும் ஐந்தரை மணி நேரம்' என்ற இடத்தில் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, ஒரு நர்ஸ் ஓடிவந்து என்னை முறைத்தாள். காகிதத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். புது மருந்துக்கு நோய் கேட்கிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம். "ஆனா உங்க ஊருக்கு எல்லாம் இனிமே என்னால போக முடியாது."

"அந்தச் சொல் பாய் காதுல விழுந்தா கோவிச்சுக்குவார்."

அவள் யோசித்தாள். பிறகு கிழவிகளிடம் கை நீட்டச் சொல்கிற அதே அதட்டலில் சொன்னாள்: "அப்போ அவரையே கேளு. எனக்கு ஒரு சீட்டு."

ஊர் திரும்பி முதல் நாள் ரயிலில் அவர் என் சௌக்கியத்தைக் கேட்கவில்லை. "தப்பு எங்க?" என்றார். கவரைப்பேட்டையில் சொன்னேன். மீஞ்சூர் வரை ஐரோப்பா ரயில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பொம்பளப்புள்ளய இருட்டுல எறக்கி விட்டுட்டனே."

"கடைசி வரி காப்பாத்திச்சு பாய்."

"அப்ப குளிர் காலத்துல அந்த ஊர்க்காரங்க எல்லாருமே இருட்டுலதான் வந்து சேர்றாங்களா?"

"ஆமா."

"பாவம்," என்றார். பென்சிலை எடுத்து ஐரோப்பாவின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். அப்புறம்தான் ஊசியம்மா கேட்டதைச் சொன்னேன். கழுத்து நரம்பு மெல்ல எழுந்தது. "எப்ப வரணும்? எத்தினி பேரு?"

அந்தச் சீட்டுக்கு நாலு மாதம் பிடித்தது. சரக்குக் கப்பலில் மிச்சமிருக்கிற படுக்கைகள், எந்தத் துறைமுகத்தில் மாறினால் குறையும் என்பதெல்லாம். வீட்டில் மனைவி, "அஜ்மீரு அப்டியேதான் கெடக்குதா?" என்றார். "ரேட்டு ஏறிக்கினே போவுது" என்றார் இவர். நான் இங்கிலீஷில் மாற்றி அனுப்பினேன். கடைசி வரியை மட்டும் அவர் மாற்றியிருந்தார்: 'கும்மிடிப்பூண்டியில் இறங்கு. காலை வெயில் இடது கன்னத்தில் படும்படி நட. இங்கே வெயில் எல்லா மாதமும் உண்டு.'

அதற்கு அடுத்த பொங்கல் முடிந்த வாரம். மெட்ராஸிலிருந்து வந்த காலை வண்டி நின்றது. நானும் பாயும் பிளாட்பாரத்தில், அடுக்கி வைத்த பார்சல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம். மூன்றாம் வகுப்பிலிருந்து ஊசியம்மா இறங்கினாள். சதை போட்டிருந்தது. ஒரே பெட்டி. நான் ஓடப் போனேன். அவர் கையை உயர்த்தி மறித்தார்.

"கூப்புடாத. சரியா வர்றாளா பாப்போம்."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். மடித்து உள்ளே வைத்தாள். வண்டி நகர்ந்து போய், பிளாட்பாரம் வெளிச்சமானது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பினாள். ஓரிடத்தில் நின்றாள். உதடு அசைந்தது. இரண்டு தடவை. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

பாய் மூச்சு விட்டார். "தப்பு இருக்கான்னு பாத்துக்கினே வா," என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, பத்தடி இடைவெளி விட்டு அவள் பின்னால் நடந்தார். நான் அவர் பின்னால். வெயில் மூன்று பேருக்கும் ஒரே கன்னத்தில் அடித்தது.